நீலக் கதவு

கொச்சி மட்டாஞ்சேரியில் தெருக் கூட்டும் கார்ப்பரேஷன் ஊழியர் மாடத்தியின் மகள் இசக்கிக்குத் தன் ஓட்டு வீட்டின் முன் நின்று படமெடுக்கக் கூச்சம். பக்கத்துத் தெருப் பழைய பங்களாவின் நீலக் கதவில் சாய்ந்துதான் எடுப்பாள். “உன் வீடா? சூப்பர்!” என்று இன்ஸ்டாகிராமில் தோழிகள் எழுதினால் மறுக்கமாட்டாள். லைக் குறைந்தால் அன்று சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை, வகுப்புத் தோழி அம்பிளி திருப்பூணித்துறையிலிருந்து சொல்லாமல் வந்து அந்தக் கதவையே தட்டிவிட்டாள். அங்கே கூட்டிக்கொண்டிருந்த மாடத்தி விவரம் கேட்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

கடைக்குப் போய்த் திரும்பிய இசக்கி வாசலிலேயே நின்றாள். உள்ளே அம்பிளி சாயா குடித்துக்கொண்டிருந்தாள். அம்பிளியின் கைபேசியில் இசக்கி நீலக் கதவில் சாய்ந்து நின்ற படத்தை மாடத்தி விரலால் தொட்டுக் காட்டினாள்.

“கதவு அவங்களோடது, மோளே. அதுக்கு முன்னாடி இந்த வாசல் எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு. அது நான் கூட்டுனது.”