கடைசி வரிசை, ஜன்னலோரம்

மனித அறிவுக்கு எட்டாத உலகம் ஒன்று உண்டு. மேகங்களுக்கும் மேலே, திசைகாட்டி தடுமாறும் உயரத்தில், அந்த உலகத்தின் கதவு சில நொடிகள் திறந்து மூடுகிறது. அதைக் கண்ணால் பார்த்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் அனுபவம் இது. ஒரு எழுத்துகூடக் கற்பனை கிடையாது.

விமானம் மட்டும் பறக்காது. அது மண்டைக்காடு போகிற சாலையில், ஒரு தனியார் கல்லூரியின் பழைய சைக்கிள் ஷெட்டுக்குள் இருந்தது. பணிப்பெண் என்று சொன்னதும் மூன்றாம் ஆண்டு மாணவி பெபிஷாவைத்தான். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

பெபிஷா படித்த படிப்பின் பெயர் சர்வதேசப் பயண மேலாண்மை. சந்தையில் மீன் விற்கும் ரீத்தாவின் ஒரே மகள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தரைப்பணி வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, செய்முறைத் தேர்வில் அரியர் இருக்கக் கூடாது. ரீத்தா இந்தச் செய்தியை ஊர் முனையில் சிலுவை நிற்கிற குருசடி வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். ஆகவே இனிமேல் தோற்க முடியாது.

கல்லூரியின் தாளாளர் டாக்டர் கிளீட்டஸ். டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று யாரும் கேட்டதில்லை. ஷெட்டுக்குள் செய்து வைத்த அந்தப் பயிற்சி விமானத்தைத் திறந்து வைத்த அன்று, தோளில் நாலு தங்கக் கோடு போட்ட பைலட் சட்டையில் வந்து, "உலகம் இனி நம்ம கைக்குள்ள" என்று பேசினார். சட்டை நாகர்கோவிலில் மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்குக் கொடுக்கிற கடையிலிருந்து வந்தது. மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்.

ஷெட்டுக்குள் பிளைவுட்டால் விமானத்தின் வயிற்றைச் செய்திருந்தார்கள். ஜன்னல்களில் மேகப்படம் ஒட்டியிருந்தது. மேகத்தின் மூலையில் அச்சடித்தவரின் போன் நம்பர் இருந்தது. அவசர வழி சுவரில் வரைந்தது. இருக்கைகள் மட்டும் அசல். பிரான்சிலிருந்து வரவழைத்தவை என்பார் தாளாளர். உடைத்து விற்ற ஏதோ ஒரு பழைய விமானத்திலிருந்து, பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடை வழியாக வந்தவை என்பது லாரியிலிருந்து இறக்கிய பிள்ளைகளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயணிகளை ஏற்றுவது, பாதுகாப்பு விளக்கம், பெல்ட் சரிபார்ப்பது, புறப்படும் அறிவிப்பு. செய்முறைத் தேர்வு அதோடு முடிந்துவிடும். எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். தரையிறங்குவது பாடத்தில் 'தாமாகப் படித்துக்கொள்ள வேண்டிய பகுதி'. மூன்று வருடமாக அந்த விமானம் கிளம்பிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட இறங்கவில்லை.

இதை யாரும் யோசிக்கவில்லை. இறங்கக் காத்திருந்த ஒருவரைத் தவிர.

முதலில் பெல்ட்.

சாயங்காலம் எல்லா பெல்ட்டையும் அவிழ்த்து ஒழுங்காக வைப்பது பெபிஷாவின் பொறுப்பு. காலையில் வந்து பார்த்தால், கடைசி வரிசையில் ஜன்னலோர இருக்கையின் பெல்ட் பூட்டியிருக்கும்.

"ஏட்டி ஜாஸ்பின், பெல்ட்ட பூட்டி வெளையாடுகது நீதானா?"

"பின்ன, எனக்கு வேற சோலி இல்ல பாரு."

மறுநாளும் பூட்டியிருந்தது. அன்றைக்குத்தான் பெபிஷா சரியாகக் கவனித்தாள். பூட்டிய பெல்ட் இருக்கையில் படிந்து கிடக்கவில்லை. வளைந்து, உயர்ந்து நின்றது. ஒரு ஆளின் வயிற்றைச் சுற்றி நிற்பது போல.

அவள் கையை நீட்டினாள். பெல்ட் மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுகிற மாதிரி.

கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது வாசனை. கோடாலித் தைலம். கல்ஃபிலிருந்து வருகிறவர்களின் பெட்டியைத் திறந்ததும் வருமே, அதே வாசனை. அந்த வரிசையில் மட்டும்.

பிறகு பெல். பணிப்பெண்ணைக் கூப்பிட இருக்கைக்கு மேலே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். கடைசி வரிசையில் அது எரிந்தது. பேராசிரியர் ஸ்மைலினிடம் போய்ச் சொன்னாள்.

"சார், அந்த பெல்லு எரியுது."

"அதுக்கு ஒயரே கொடுக்கல மக்கா."

"அதத்தான் சார் சொல்லுகேன்."

"ஒயர் இல்லல்லா? அப்ப எரியல."

அவர் திரும்பி நடந்தார். நடந்தது கொஞ்சம் வேகமாகத்தான்.

அந்த வாரம்தான் அவர் 'பயணத்தின்போது மரணம்' என்ற பாடத்தை நடத்தினார். பறக்கும்போது பயணி இறந்துபோனால் கடைசி வரிசையில், கூடுமானால் ஜன்னலோரம், உட்கார வைக்க வேண்டும். கண்ணை மூடி, கழுத்து வரை கம்பளி போர்த்தி, பெல்ட்டைப் பூட்டிவிட வேண்டும். இறந்துவிட்டார் என்று பணியாளர் அறிவிக்கக் கூடாது. தரையிறங்கிய பிறகு மருத்துவர் சொல்வார்.

"அதுவரைக்கும் அந்த ஆளு யாரு சார்?" என்று ஜாஸ்பின் கேட்டாள்.

"பேசஞ்சர்" என்றார் ஸ்மைலின். "டிக்கெட் இருக்கில்லா."

வகுப்பு சிரித்தது. பெபிஷா சிரிக்கவில்லை.

தேர்வு நாள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று சட்டமில்லை. இது பிற்பகல் மூன்றேகாலுக்கு வந்தது. பெபிஷாவின் முறை அப்போதுதான்.

வெளியே ஐப்பசி மழை. முதல் வரிசையில் வெளித்தேர்வாளர். வாட்ச்சையும் டீ வருகிற வழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் தாளாளர் கிளீட்டஸ், மறுபடியும் வாடகைக்கு எடுத்த அதே தங்கக் கோட்டுச் சட்டையில். பின்னால் பயணிகளாக மாணவர்கள். கடைசி வரிசையில் யாரும் இல்லை. அங்கே உட்காரச் சொன்னால் எல்லாருக்கும் முதுகு வலித்தது. ஷெட்டுக்கு வெளியே, ஓலைப் பந்தலுக்குக் கீழே, முதலாமாண்டு மாணவி ரெஜிஷா 'வெல்கம் டாக்டர் கிளீட்டஸ்' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விமான நிலையத்தில் ஆள் கூப்பிட நிற்கிறவர்கள் போல நிற்க வேண்டும் என்பது தாளாளரின் ஏற்பாடு.

விதி ஒன்றுதான். எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன வருடம் ஒருத்தன் பதற்றத்தில், "பெல்ட்ட போடுங்க மாமா" என்று வெளித்தேர்வாளரிடம் சொல்லிவிட்டான். அவன் அரியர்.

பெபிஷா நன்றாகத்தான் செய்தாள். வணக்கம் சொன்னாள். அவசர வழியைக் காட்டினாள். பெல்ட்டுகளைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள்.

கரண்ட் போனது.

ஷெட் இருண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "கன்டினியூ, கன்டினியூ" என்றார் தாளாளர், இருட்டுக்கும் அனுமதி கொடுக்கிறவர் போல.

அப்போது அந்தச் சத்தம்...

ம்ம்ம்ம்ம்...

தரைக்கு அடியிலிருந்து வந்தது. மழை இல்லை. ஜெனரேட்டர் இல்லை, அது ரிப்பேருக்குப் போயிருந்தது. பிளைவுட் தரை காலடியில் அதிர்ந்தது. பெபிஷாவின் காது அடைத்தது. விழுங்கினாள். அடைப்பு விலகியது. மீண்டும் அடைத்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

தடுமாறி ஜன்னலில் கை வைத்தாள். மேகப்படம் ஐஸ் போலச் சில்லிட்டது. விரல் ஒட்டிக்கொண்டது.

டிங்.

கடைசி வரிசைக்கு மேலே விளக்கு.

மஞ்சள் வெளிச்சம் கீழே விழுந்தது. பெல்ட் பூட்டியிருந்தது. பெல்ட்டுக்கு மேலே ஒரு கம்பளி. கம்பளி கழுத்து வரை ஏறியிருந்தது.

கழுத்துக்கு மேலே பார்க்கக் கூடாது என்று பெபிஷா முடிவு செய்தாள்.

"மக்கா..."

ஊர்ப் பேச்சு. வறண்ட தொண்டை.

"ஊரு வந்தாச்சா மக்கா?"

பெபிஷா முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் பொறப்படுகோம்னே சொல்லுகிய... எறங்கவே மாட்டேங்குது."

டிங்.

"வெளிய எனக்க பிள்ள நிக்கும்."

முன்னாலிருந்து ஒரு இருமல். வெளித்தேர்வாளர். கையில் மதிப்பெண் தாள். பேனா நுனி அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மின்னியது. இனி ஒரே வாக்கியம். 'நாம் இப்போது புறப்படத் தயாராக இருக்கிறோம்.' சொல்லிவிட்டால் திருவனந்தபுரம். அம்மா குருசடி வரைக்கும் சொல்லியாயிற்று.

ஆனால் சொன்னால் அது மறுபடியும் கிளம்பும்.

அவரோடு.

டிங். டிங்.

கம்பளி மெல்ல அவள் பக்கம் திரும்பியது...

பெபிஷா கண்ணை மூடிக்கொண்டாள். வாய் தானாகத் திறந்தது.

"எல்லாரும் கேளுங்க. திருவந்தரம் வந்தாச்சு. வண்டி நின்னாச்சு. பெல்ட்ட அவுத்துக்கிடுங்க. பெட்டிய மறக்கண்டாம். மெதுவா எறங்குங்க, யாரும் அவசரப்படண்டாம். வெளிய... வெளிய ஆளு நிக்கி."



ம்ம்ம் நின்றது.

க்ளிக்.

தரைப்பலகை ஒன்று அமுங்கியது. கடைசி வரிசையில்.

அடுத்தது.

அடுத்தது.

அவளை உரசிக்கொண்டு குளிர் போனது. கோடாலித் தைலம். கம்பளி நூல் ஒன்று அவள் கையில் பட்டது.

முதல் வரிசைக்குப் பக்கத்தில் பலகை அமுங்கி, அப்படியே நின்றது.

வெகு நேரம் நின்றது.

பிறகு கதவு திறந்தது.

தாளாளர் எழுந்தார். பெல்ட்டை அவிழ்க்க மறந்ததால் உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, சுவரில் வரைந்திருந்த அவசர வழியில் போய் முட்டினார். அதன் பிறகு உண்மையான கதவைக் கண்டுபிடித்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால். கரண்ட் வந்தபோது ஷெட்டுக்குள் பெபிஷா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கடைசி வரிசை பெல்ட் அவிழ்ந்து, இரண்டு பக்கமும் தொங்கியது.

மறுநாள் முற்றத்தில் கூட்டம் போட்டு தாளாளர் விளக்கம் சொன்னார். கடற்கரைக் கரிமணலின் கதிர்வீச்சு, ஈரக்காற்றோடு சேர்ந்து, காதுக்குள் ஒருவகை மாயச் சத்தத்தை உண்டாக்குகிறது. இதை ஜெர்மனியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் கொஞ்சம் நம்பும்படியாகவே இருந்தது.

பெபிஷாவுக்கு அரியர். வெளித்தேர்வாளர் காரணம் எழுதியிருந்தார்: 'பாடத்திட்டத்துக்கு மாறாக விமானத்தைத் தரையிறக்கியது.' திருவனந்தபுரம் வேலை வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. ரீத்தா இரண்டு நாள் சந்தைக்குப் போகவில்லை. குருசடி வழியாகப் போக வேண்டுமே.

ஒரு மாதம் கழித்து, பஸ் ஸ்டாப்பில் ரெஜிஷா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு மொதல்ல எறங்குனது யாரு?"

"தெரியாத மாதிரி கேக்கா பாரு. நம்ம பைலட்டுதான்."

"அவருக்கு முன்னால."

பெபிஷா அவளைப் பார்த்தாள்.

"கம்பளி போத்தி ஒரு ஆளு வந்தாரு அக்கா. மொகம் தெரியல. எனக்க முன்னால நின்னு அட்டைய வாசிச்சாரு. 'இதுல வேற ஆளுக்க பேரு எழுதியிருக்கே மக்கா'ன்னாரு. நான் காலேஜு விருந்தாளின்னு நெனச்சு, ஆமா சார்ன்னேன். கொஞ்ச நேரம் நின்னாரு. பொறவு மழையில எறங்கி ரோட்டுப் பக்கம் போனாரு. கம்பளி நனையவே இல்ல அக்கா."

பெபிஷா அவளுடைய ஊரையும் வீட்டையும் பற்றிக் கேட்டாள்.

ரெஜிஷாவின் ஊர் மணவாளக்குறிச்சி. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, கல்ஃபிலிருந்து வந்துகொண்டிருந்த அவளுடைய அப்பா விமானத்திலேயே இறந்துபோனார். எந்த விமானம் என்று அவளுக்குத் தெரியாது. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. தண்ணீர் வேண்டும் என்று ரொம்ப நேரம் பெல்லை அழுத்தினாராம். பிறகு கடைசி வரிசையில், ஜன்னலோரம், கழுத்து வரை கம்பளி போர்த்தி வைத்திருந்தார்களாம். வேறு கேட் வழியாக ஆம்புலன்ஸில் கொண்டுபோனதால், வருகை வாசலில் நின்ற ரெஜிஷாவுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வெளியே வந்து முடியும் வரை நின்றிருக்கிறாள்.

கையில் ஒரு அட்டை. அதில் அப்பாவின் பெயரை அவளே எழுதியிருந்தாள்.

பெபிஷா அடுத்த பருவத்தில் அதே ஷெட்டில் தேர்வெழுதித் தேறினாள். கடைசி வரிசை பெல்ட் அவிழ்ந்தே கிடந்தது. இருக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் புது உறை போட்டிருந்தார்கள். பழைய உறை அந்த மழை நாளிலிருந்து விடுதிக்குப் பின்னால் கொடியில் தொங்குகிறது. இரண்டு தடவை துவைத்தும் கறையும் மூத்திர வாடையும் போகவில்லை.

அது முதல் வரிசை உறை. தாளாளர் உட்கார்ந்திருந்தது.