பக்க இணைப்பில் பதினொரு ஓம்

எங்கள் அறிவியல் டீச்சருக்குப் பாடப்புத்தகத்தின் மீது அளவுகடந்த மரியாதை. அதைத் திறந்து அழுக்காக்க அவருக்கு மனசே வராது. பத்தாம் வகுப்பில் பொங்கல் லீவு முடிந்து போன முதல் நாளே, "புக்கை மூடி வைங்க. பழைய கொஸ்டின் பேப்பரைப் படிங்க, அதுதான் திரும்பத் திரும்ப வருது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அரசாங்கம் எங்களுக்குப் புத்தகத்தையும் அவருக்குச் சம்பளத்தையும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அறிவியலில் எண்பது மார்க் வேண்டியிருந்தது. அது வந்தால்தான் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு சயின்ஸ் குரூப் தருவார்கள். சயின்ஸ் குரூப் கிடைத்தால்தான் நர்ஸுக்குப் படிக்கலாம். அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். "நீயாவது மீனு நாத்தம் இல்லாத வேலைக்குப் போ" என்பாள். ஆஸ்பத்திரி நாற்றத்தைப் பற்றி அவளிடம் நான் பேச்செடுக்கவில்லை.

திருவொற்றியூர் குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து நாங்கள் நாலு பெண்கள் ஒரே வகுப்பு. ஒருத்தியின் அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு இருந்தது. மற்ற மூவரின் அப்பாக்களும் அந்தப் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஜெராக்ஸ் கடையில் நாலு வருஷக் கேள்வித்தாள்களை வாங்கியதும், எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் வேலையைப் பிரித்தோம். பங்கு போட்டோம். ஆளுக்கு ஒரு வருஷம். அவரவர் வருஷத்துக்கு அவரவர் விடை எழுதி, நகல் எடுத்து மற்ற மூவருக்கும் கொடுக்க வேண்டும். தனக்கு வேண்டிய வருஷத்தைப் படகு ஓனர் மகள் முதலில் எடுத்துக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. படகில் கேட்பார்களா என்ன?

படகுப் பங்கில் இன்னொரு மரியாதையும் உண்டு. பிரித்து முடித்தபின் அடுத்தவர் கூடையைக் கிளறிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சண்டைதான். ஆகவே அடுத்தவள் எழுதியதைச் சரிபார்க்கும் கேவலமான காரியத்தை நாங்கள் செய்யவில்லை. வந்ததை அப்படியே மனப்பாடம் செய்தோம். மணலி ஆலைகள் பக்கமிருந்து புகைக்காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "காற்று மாசுபடுதலைத் தடுக்கும் வழிகள்: மரம் நடுதல், மிதிவண்டியில் செல்லுதல்" என்று உரக்கப் படித்தோம்.

பொதுத்தேர்வில் ஓனர் மகளின் பங்கிலிருந்து ஒரு கணக்கு அப்படியே வந்தது. இரண்டு, மூன்று, ஆறு ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தால் மொத்த மின்தடை எவ்வளவு? எண்கூட மாறவில்லை. டீச்சர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். அவள் எழுதித் தந்தபடியே மூன்றையும் கூட்டி, பதினொரு ஓம் என்று எழுதி, ஸ்கேல் வைத்துக் கட்டமும் கட்டினேன்.

வெளியே வந்ததும், மணலி புதுநகரிலிருந்து வரும் ஒரு பெண், "ஒரு ஓம்தானே விடை?" என்று கேட்டாள். பாடப்புத்தகம் படிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவள். பக்க இணைப்பில் அப்படியே கூட்டக் கூடாது, தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும் என்று விளக்க வேறு வந்தாள்.

"தலகீயாவா? இன்னாடி, யோகாசனமா?" என்றாள் ஓனர் மகள். "எங்க நாலு பேருக்கும் பதினொண்ணு வந்துகீது. உனுக்கு மட்டும் ஒண்ணு. யாரு தப்பு, நீயே சொல்லு."

நாலு பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? பஸ் வரும்வரை அவளைக் கிண்டல் செய்தோம்.

எனக்கு எழுபத்தெட்டு வந்தது. அந்தக் கணக்குக்கு நாலு மார்க். டீச்சரிடம் போய் நின்றேன். "நான் சொன்ன கேள்வி வந்துச்சா, இல்லையா? விடைக்கும் நானா பொறுப்பு?" என்றார். நியாயம்தான்.

தலைமையாசிரியர் அறையில் அம்மா கைகூப்பி நின்றாள். ஏலத்தில் மொத்த வியாபாரிகளையே அலற வைக்கிறவள், "ரெண்டு மார்க்குதான மேடம், கொஞ்சம் பாத்து போடுங்க மேடம்" என்று சின்னக் குரலில் கெஞ்சினாள். காமர்ஸ் குரூப்பிலும் நல்ல எதிர்காலம் இருப்பதாகத் தலைமையாசிரியர் அன்போடு எடுத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, கோபத்தில் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பகுதி இரண்டு பக்கம்கூட இல்லை. படம் போட்டு, எனக்கே புரியும்படி எழுதியிருந்தார்கள். படித்து முடித்துவிட்டு அழுதேன்.

ஓனர் மகளுக்கு என்னைவிட மார்க் குறைவு. ஆனால் தனியார் பள்ளிக்குள் நுழைய மார்க்கைத் தவிர வேறு வாசல்களும் உண்டு. அங்கே அவளுக்கு சயின்ஸ் குரூப் கிடைத்தது. பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

"எனுக்கு அந்தக் கணக்குல அப்பவே டவுட்டுதான்டி. நீங்க மூணு பேரும் கம்முனு மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தீங்களா, சரி, கரெக்டாதான் கீதுன்னு வுட்டுட்டேன்."

நாங்கள் அவளை நம்பியிருந்தோம். அவள் எங்களை நம்பியிருந்தாள். இப்படியொரு நட்பு வடசென்னையில் வேறெங்கும் இருந்திருக்காது.

"அங்க மொத டெஸ்ட்டே இதான் வெப்பாங்களாம். எப்டிப் போடணும்னு சொல்லிக் குடேன்" என்று நோட்டை நீட்டினாள்.

அவளை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி கிளம்பிப் போனாள். மீன் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உனுக்குத்தான் இவ்ளோ நல்லா தெரியுதே. அப்பறம் இன்னாத்துக்கு அந்த குரூப்ப உனுக்குக் குடுக்கல?"