வீடு எடுக்காத ஒருவர் தேவை

அந்த ஊரில் பாதிப் பேர் சாவியக்கா காட்டிய வீட்டில் குடியிருந்தார்கள். மீதிப் பேர் அவள் காட்டிய வீட்டைக் காலி செய்துவிட்டு, அவள் காட்டிய இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இருபத்தாறு வருஷமாக வீட்டுத் தரகு. எந்த நேரமும் கைப்பையில் பதினைந்து இருபது சாவிகள் கிடக்கும். அவள் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வந்துவிடும். பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. அவளுக்கும் வங்கியில் கூப்பிட்டால்தான் ஞாபகம் வரும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அரசாங்கம் மூக்கை நுழைத்தது. இனிமேல் வீட்டுத் தரகு செய்ய லைசென்ஸ் வேண்டும். ஆறு மாத அவகாசம். அதற்குள் வாங்காதவர்கள் அடுத்தவருக்கு வாசற்படியைக்கூடக் காட்டக் கூடாது.

நிபந்தனைகள் ஏழு. முதலாவது, பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். சாவியக்காவுக்கு அது முடிந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது, பள்ளிப் படிப்பு. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து சான்றிதழை எடுத்துக்கொண்டு போனாள். ஒட்டியிருந்த போட்டோவில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் முறைத்துக்கொண்டிருந்தது. அலுவலக கிளார்க் போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முறைப்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

மூன்றாவது, அறுபது மணி நேர வகுப்பு. பாடம் எடுத்த ஆசிரியர் அவள் பிடித்துக் கொடுத்த இரண்டாம் மாடி வீட்டில்தான் இருந்தார். "வீட்டின் குறைகளைத் தரகர் மறைக்கலாகாது" என்ற பாடம் வந்த நாளில் அவர் அவளைப் பார்த்த பார்வையில், சாவியக்கா கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடினாள். நான்காவது, தேர்வு. 'கூரை ஒழுகினால் வாடிக்கையாளரிடம் எப்போது சொல்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள். 'மழை வந்ததும்' என்பது அதில் இல்லை. இருந்தாலும் எழுபத்தெட்டு மார்க்கில் தேறிவிட்டாள்.

ஐந்தாவது, போலீஸ் சான்று. "கேஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்ட ஏட்டிடம், "வாயால திட்டினதெல்லாம் கணக்குல வருமா?" என்று கேட்டுத் தெளிந்துகொண்டாள். ஆறாவது, திவால் ஆகியிருக்கக் கூடாது. அதைப் படித்த அவள் வீட்டுக்காரர், "ஆகணும்னா முதல்ல ஏதாவது இருக்கணுமே" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய்வந்து எதிலும் பெரிதாகப் பதறாத மனிதர்.

ஏழாவதில்தான் மாட்டிக்கொண்டாள்.

'விண்ணப்பதாரரைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாக அறிந்தவரும், அவருக்கு உறவினர் அல்லாதவரும், அவர் மூலம் வீடோ மனையோ கடையோ வாங்காதவரும், விற்காதவரும், வாடகைக்கு எடுக்காதவரும், விடாதவருமான உள்ளூர்வாசி ஒருவரின் நன்னடத்தைச் சான்றிதழ்.'

"இதென்ன பெரிய விஷயம், ஒரே ஒரு ஆள்தானே" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள். பல் டாக்டரிடம் போனாள். க்ளினிக் அவள் பிடித்துக் கொடுத்தது. வக்கீலிடம் போனாள். அவருக்கு வீடு, ஆபீஸ், அவருடைய சின்ன வீட்டுக்கும் ஒரு வீடு. மூன்றாவதைப் பற்றி இருவருமே பேசவில்லை. பரம்பரையாக ஒரே கடையில் இருக்கும் இஸ்திரிக்காரராவது தேறுவார் என்று பார்த்தால், "நீங்க பிடிச்சுக் குடுத்த என் பொண்ணு வீட்டுக்கு வாடகைப் பத்திரத்துல நான்தானேக்கா கையெழுத்துப் போட்டேன், மறந்துட்டீங்களா" என்று சிரித்தார். இருபத்தாறு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்ததற்கு, ஊரில் ஒருவர்கூட அவளுக்கு நல்லவள் என்று எழுதித் தர முடியாமல் போய்விட்டது.

ஒன்பது நாள்தான் மிச்சம். கடைத்தெருவில் புதிதாக வந்திருந்த கண்ணாடிக் கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. தரகுக் கம்பெனிதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் அந்தப் பெயர். டை கட்டிய மேனேஜர் அவளை உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"நீங்க எதுக்குக்கா கஷ்டப்படறீங்க? எங்ககிட்ட வந்துடுங்க. லைசென்ஸ் எங்க பேர்ல இருக்கு. நீங்க சாவியை எடுத்துட்டு முன்னாடியே போய் ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதும். பேசறதை எங்க ஆளுங்க பேசிக்குவாங்க."

"நான் பேசக் கூடாதா?"

"வணக்கம் சொல்லலாம்."

கூடவே ஒரு மஞ்சள் பனியனையும் நீட்டினார். முதுகில் கம்பெனி பெயர். சாவியக்கா அதை மடித்தபடியே மேசையில் வைத்துவிட்டு வந்தாள். டீயை மட்டும் முழுக்கக் குடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "வாழ்க்கை பூரா பேசிப் பேசிச் சம்பாதிச்சிட்டு, கடைசியில ஜன்னல் திறக்கற வேலைக்கா போறது?" என்று சுவரிடம் கேட்டாள்.

பதில் சுவருக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "உன்கிட்ட வீடு பார்த்துட்டு எடுக்காத ஆளே கிடையாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதெப்படிங்க, என்கிட்ட வந்துட்டு எடுக்காம..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். ஒருத்தர் இருந்தார்.

'சொல்றேன் சார்'. ஊர் வைத்த பெயர்.

எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யாரிடமோ சொல்றேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார் என்பது ஊரின் ஊகம். துறைக் குடியிருப்பில் இருந்துகொண்டே, ஓய்வுக்குப் பிறகு ஒரு வீடு வேண்டும் என்று பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியக்கா அவருக்கு அறுபத்து மூன்று வீடு காட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் பார்ப்பார். கடைசியில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்றேன்" என்பார். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவரால் தேய்ந்த செருப்புக்குக் கணக்கில்லை என்று சாவியக்கா போகிற இடமெல்லாம் திட்டியிருக்கிறாள். இப்போது அவரை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் ஆபீசில் போய் நின்றாள். மளிகைக்கடைத் தராசு ஒன்றில் பித்தளைப் படிக்கற்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"அறுபத்து மூணு வீடு. ஒண்ணும் எடுக்கலை. எனக்குத் தகுதி இருக்கு."

"அதான் சார் ஓடி வந்தேன். ஒரு கையெழுத்து."

"உங்க நடத்தை நல்லதுன்னு நான் எழுதணும்."

"ஆமா சார்."

"சோதிக்காம எப்படி எழுதறது?" கல்லை எடுத்துப் பெட்டியில் வைத்தார். "எனக்கு முப்பதாம் தேதி ரிடையர்மென்ட். அன்னிக்கே குடியிருப்பைக் காலி பண்ணணும். இன்னொரு வீடு காட்டுங்க. காட்டும்போது உங்களைக் கவனிச்சு எழுதறேன்."

சாவியக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இவராவது எடுக்கிறதாவது. ஆனாலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று, எட்டு மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத வீடாகப் பார்த்துப் பொறுக்கினாள். மர அறுவைக் கடைக்குப் பின்பக்கம், இரண்டு அறை, குட்டை நிலைக்கதவு, ஒரு பக்க வெளிச்சம். எடுக்கவே முடியாத வீடு என்று அவள் அனுபவம் சொன்னது.

சொல்றேன் சார் தன் உபகரணங்களோடு வந்தார். தரையில் கோலிக்குண்டை வைத்தார். அது வைத்த இடத்தில் நின்றது. சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து அளவுக்குவளையில் தண்ணீர் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். சாவியக்கா படிவத்தையும் பேனாவையும் தயாராக வைத்துக்கொண்டு அந்த ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

"என்ன சார் சொன்னீங்க?"

"வீடு பிடிச்சிருக்கு. எடுத்துக்கறேன்."

இருபத்தாறு வருஷத்தில் இந்த வார்த்தையைக் கேட்டு அவள் பயந்தது இதுவே முதல் தடவை. இவர் எடுத்தால் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் ஆனால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் மஞ்சள் பனியன்.

"சார், அவசரப்படாதீங்க. நிலைக்கதவைப் பாருங்க. தலை இடிக்கும்."

"அளந்துட்டேன். எனக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு விரல் இருக்கு."

"பக்கத்துல மரம் அறுப்பாங்க. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா காதுல விழற மாதிரி எதுவும் பேச முடியாது."

"நான் தனி ஆள். யார்கிட்ட பேசப்போறேன்?"

"மத்தியானத்துக்கு மேல வெயிலே வராது சார்."

"நல்லதாப் போச்சு."

"பஸ் ஸ்டாப் ரொம்ப தூரம்."

"எவ்வளவு?"

"பதினோரு நிமிஷம்."

சொல்றேன் சார் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "எந்த வீட்டுக்கும் மூணு நிமிஷம்னுதானே சொல்வீங்க?"

சாவியக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. சமையலறைக்குப் போய், சுவரோரம் இருந்த அலமாரியைத் தோள் கொடுத்துத் தள்ளினாள். அதை அங்கே நகர்த்தி வைத்ததே அவள்தான். பின்னால் சுவர் ஈரத்தில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. "பாருங்க சார். மழைக்காலத்துல இன்னும் பரவும். மனுஷன் இருக்கற வீடா இது?"

அவர் மண்டியிட்டு டேப்பை வைத்தார். "பதினாலு அங்குலம்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அக்கா, நான் ஏன் இத்தனை வருஷம் சொல்றேன் சொல்றேன்னு போனேன் தெரியுமா? குறை இல்லாத வீடு ஏது? எல்லாத்துலயும் இருக்கும். நீங்க சொல்லாத குறை என்னவோன்னு வீட்டுக்குப் போனா தூக்கம் வராது. இந்த வீட்டுல எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இனி நிம்மதியா தூங்கலாம்."

அவள் குத்துக்காலிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக் கம்பெனி, பனியன், ஜன்னல் எல்லாவற்றையும் கொட்டினாள். "இப்பக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். நாளைக்கு அட்வான்ஸ் குடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அவர். "எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு எடுக்கலைன்னு எழுதினா, தராசுக்கு அடியில காந்தம் ஒட்டறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ஒரு வழி இருந்தது. வீடு போய்விட்டது, வேறொரு பார்ட்டி முந்திக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய்யை அவள் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லுவாள். கொட்டாவி போல வரும். வாயைத் திறந்தாள். அவரோ முன்னறையில் டேப்பை விரித்து, கட்டில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அளந்துகொண்டிருந்தார். அளந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். எட்டு நாளில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய மனுஷன். பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"சார்" என்றாள். "வீட்டுக்காரம்மா மருந்துக்கடை மாடியில இருக்காங்க. நீங்களே போய்ப் பேசி எடுத்துக்குங்க. நடுவுல நான் இல்லை."

"கமிஷன்?"

"வேண்டாம்."

"ரெண்டு பக்கமுமா?"

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ரெண்டு பக்கமும்."

"வாயால சொன்னாப் போதாது. எழுதிக் குடுங்க."

வாங்காத கமிஷனுக்கு ரசீது எழுதியது அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவர் அதைப் படித்து மடித்தார். பிறகும் சந்தேகம்.

"ஆனா வீட்டைக் காட்டினது நீங்கதானே?"

"காட்டினேன். எடுக்காதீங்க எடுக்காதீங்கன்னுதானே காட்டினேன்? அதுக்குப் பேர் தரகா?"

சொல்றேன் சார் அந்தக் கேள்வியை நான்கு நிமிஷம் யோசித்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் கணக்கு சரியாகத் தெரியும். "இல்லை" என்றார் கடைசியில். படிவத்தை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் லைசென்ஸ் அலுவலகத்தில் வேறு கிளார்க் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டே நாள். சான்றிதழை வாங்கி முணுமுணுத்துப் படித்தார்.

'மேற்படியாரைப் பதினோரு ஆண்டுகளாக அறிவேன். இக்காலத்தில் எனக்கு அறுபத்து மூன்று வீடுகள் காட்டினார். அவற்றில் ஐம்பத்தெட்டு வீடுகளுக்குப் பேருந்து நிறுத்தத்தின் தூரத்தைக் குறைத்துச் சொன்னார். சராசரிக் குறைவு ஏழு நிமிடம். அறுபத்து நான்காவது வீட்டை நான் எடுத்துவிடாமல் தடுக்கத் தம்மால் இயன்றதனைத்தும் செய்தார். அன்று அவர் சொன்ன குறைகள் அனைத்தையும் அளந்து பார்த்தேன். பிழை இல்லை. அவ்வீட்டை அதன் உரிமையாளரிடம் நானே நேரில் பேசி எடுத்துக்கொள்ள இருக்கிறேன். மேற்படியார் அதில் தரகு பார்க்கவில்லை. எழுத்துமூலமான ஆதாரம் என்னிடம் உள்ளது. நடத்தை, சோதித்த நாளன்று சரியாக இருந்தது.'

கிளார்க் திரும்ப முதலிலிருந்து படித்தார். "இதை நான் எந்தக் கட்டத்துல போடறது? 'நல்லது', 'மிக நல்லது', ரெண்டுதான் இருக்கு."

"சின்னதாவே போடுங்க தம்பி. போதும்."

'நல்லது' என்பதற்கு எதிரே டிக் விழுந்தது. முத்திரையும் விழுந்தது. சாவியக்கா லைசென்ஸை வாங்கி, சாவிகள் கீறிவிடாதபடி கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். திரும்பப் போனவளை கிளார்க் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்த வீடு நிஜமாவே போயிடுச்சா? இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லி ஒரு வீடு நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் லாட்ஜ்ல கிடக்கறேன். வர்ற தரகருங்க எல்லாம் அரண்மனை அரண்மனைன்னுதான் சொல்றாங்க. நம்பவே முடியலை."

சாவியக்கா மெதுவாகத் திரும்பி வந்தாள். முழங்கையை கவுன்டரில் ஊன்றிக்கொண்டாள்.

"இன்னொரு வீடு இருக்கு தம்பி" என்றாள். "ஆனா அதுல பெரிய குறை ஒண்ணு இருக்கு. உங்களுக்குச் சரிப்படாது, விட்டுடுங்க."

கிளார்க் பேனாவை மூடி வைத்தார். வரிசையில் நின்றவர்களைக் கையமர்த்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லக்கா, சொல்லுங்க. என்ன குறை?"