எட்டணாவில் தொடங்கிய ஏலம்

கச்சேரி டிக்கெட்டை வெளியில் பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்று செய்தி வந்தால் என் மகன் கொதித்துப்போகிறான். "இவனுங்களையெல்லாம் பிடிச்சு உள்ளே போடணும்ப்பா" என்கிறான். நான் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறேன். செங்கல்பட்டில் ஒருமுறை அப்படி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பிடித்துக்கொடுத்தவன் நான். டிக்கெட்டைப் பதுக்கக் கொடுத்தவனும் நான்தான். இரண்டாவது விஷயம், வாங்கிப் பதுக்கியவனைத் தவிர இதுவரை யாருக்கும் தெரியாது.

அப்போது புதுக்காசு வரவில்லை; அணா புழங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கே ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர். பள்ளிக்கு விஞ்ஞானக் கூடம் கட்டுவதற்காக ஊர்ப் பெரியவர்கள் ஒரு குழு அமைத்து, பட்டணத்திலிருந்து ஒரு புகழ்பெற்ற பாடகியை அழைத்திருந்தார்கள். அந்த அம்மாள் பாட்டு அன்றைக்கு ரேடியோ இருந்த இடமெல்லாம் கேட்கும். எங்கள் பக்கத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. பள்ளி மைதானத்தில் கொட்டகை போட்டோம். சோபா பத்து ரூபாய், நாற்காலி ஐந்து, பெஞ்சு இரண்டு, தரை ஒன்று. தரை டிக்கெட் விற்கும் பொறுப்பு எனக்கு. ஒருவருக்கு நான்குக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது குழுவின் கட்டளை. எந்த நம்பர் யார் புத்தகத்திலிருந்து போனது என்பதைக் குழுவின் காரியதரிசி தனியாக எழுதி வைத்திருந்தார். அவர் ஒரு வக்கீல், கோபக்காரர்.

என்னோடு படித்தவன் ஒருவன் பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் கடை வைத்திருந்தான். அவன் மாமா பெரிய நன்கொடை கொடுத்தவர் என்பதால் வீட்டுக்கு ஆறு சோபா டிக்கெட் போயிருந்தது. ஒரு மாலை கடை வாசலில் என்னை நிறுத்தினான்.

"மச்சான், உனுக்கு சோபா வேணும். எனுக்குத் தரை வேணும். மாத்திக்கலாம். இதுல இன்னாடா பாவம்?"

எனக்கு சோபா வேண்டியிருந்தது உண்மை. பள்ளி ஆய்வாளர் சங்கீதப் பிரியர் என்று கேள்வி. என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் இரண்டு வரியில் இருந்தது. அவரையும் அவர் மனைவியையும் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டால் அந்த இரண்டு வரி வந்துவிடும் என்று நம்பினேன்.

"எத்தனை வேணும்?" என்றேன்.

"நாப்பது."

"நாற்பதா? யாருக்குடா?"

"ஃபிரண்ட்ஸுங்களுக்குத்தான்."

அவனுக்கு நாற்பது சிநேகிதர்கள் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு சோபா டிக்கெட்டை என் கையில் வைத்து, தரைக்கு நாற்பது ரூபாயையும் எண்ணிக் கொடுத்தான். அந்த ரூபாயை நான் குழுவில் அப்படியே கட்டினேன். பணத்தில் ஒரு அணா குறையவில்லை. அதனாலேயே அது தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடிந்தது.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அந்த அம்மாள் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் அவ்வளவு சீக்கிரம். இரண்டு மணிக்கெல்லாம் தரை டிக்கெட் தீர்ந்தது என்று பலகை மாட்டிவிட்டோம். மூன்று மணிக்கு வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்தும் கருங்குழியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். டிக்கெட் கிழிக்கும் வேலையில் நான் நின்றதால் அவர்கள் கோபமெல்லாம் என்மேல் விழுந்தது.

"இன்னா சார் இது? இங்க இல்லேன்றீங்க, பஸ் ஸ்டாண்டாண்ட மூணு ரூபான்னு கூவிகினு நிக்கிறானுங்க!"

"ஒரு ரூபா தரைய மூணு ரூபாய்க்கு வாங்குனா, உக்காந்த எடத்தப் பேத்து வூட்டுக்கு எடுத்துகினு போலாமா வாத்தியாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வக்கீல் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்தார். "எவன் புஸ்தகத்திலிருந்து வெளியே போயிருக்கு? ஒரே ஒரு டிக்கெட் கையில் கிடைக்கட்டும். நம்பரைப் பார்த்து அவனை ஊரை விட்டே விரட்டுறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு எனக்காகத்தான் என்று பட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்படித்தான் பட்டது.

அந்த நெரிசலில்தான் அவர்கள் இருவரும் வந்தார்கள், புருஷனும் பெண்சாதியும். கடற்கரைக்காரர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தப் பெண் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அவர் இரண்டு டிக்கெட்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நம்பரைப் பார்த்தேன். என் புத்தகம், அந்த நாற்பதில் இரண்டு.

"எங்கே வாங்கினீங்க?"

"பஸ் ஸ்டாண்டாண்டங்க. ஒண்ணு மூணு ரூபா. அதான் வெலன்னாங்க."

டிக்கெட்டில் ஒரு ரூபாய் என்று அச்சாகியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

"இது ஒண்ணக் கிழிச்சி இவள உள்ள வுட்டுடுங்கய்யா" என்றார். "எங்க புதுப்பட்டினத்துல பஞ்சாயத்து ரேடியோவாண்ட உக்காந்து இந்தம்மா பாட்டத்தான் கேட்டுகினு இருப்பா. நேர்ல ஒரு தபா பாக்கணும்னு ரெண்டு வருசமா ஒரே நச்சு."

அவள் அவர் முதுகில் ஒரு குத்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது திரும்பி, "இந்தா, இந்த கேட்டாண்டயே நிக்கணும். ஊரு சுத்தப் போவாத" என்றாள்.

அவள் போனதும் அவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஊருக்குத் திரும்பிப் போவ டப்பு இல்லய்யா. ஆறு ரூபா ஆவும்னு நெனைக்கல. என்னோட சீட்ட வித்துட்டா பஸ்ஸுக்கு ஆவும். நான் தட்டியாண்ட நின்னு கேட்டுக்கறேன். விக்கலாங்களா? கூடாதுன்னு எதனா கீதா?"

அவருக்குப் பின்னால் நெருக்கினார்கள். ஆய்வாளரின் வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டேன். "வித்துக்கோங்க, போங்க" என்றேன்.

ஆய்வாளரையும் அவர் மனைவியையும் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு நான் வாசலுக்குத் திரும்பியபோது பாட்டு தொடங்கியிருந்தது. வாசலுக்குப் பத்தடி தள்ளி அவர் டிக்கெட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தாளத்தில் குரல் வந்தது.

"எட்டணா! எட்டணா! எட்டணா கேக்கறது யாரு?"

கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு ஒருவன், "ஒரு ரூபா!" என்றான்.

"ஒரு ரூபா! ஒரு ரூபா! ஒண்ணே கால் ஆரு?"

"ஒண்ணரை!" "ரெண்டு!" "ரெண்டே கால்யா!" விலையை ஏற்றியது கூட்டம். அவர் கேட்டதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். பிளாக்கில் விற்பவன் எவனும் அச்சடித்த விலைக்குப் பாதியிலிருந்து ஆரம்பிக்கமாட்டான். அது எனக்கு அப்போதே உறைத்தது. ஏன் அப்படிக் கூவுகிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

மூன்று ரூபாயைத் தொட்டதும் கேட்டுத் தோற்றவன் ஒருவன் கத்தினான். "யோவ், இவன்தான்யா பிளாக்குல வுடறவன்! பஸ் ஸ்டாண்டு ஆளு! நம்மள வச்சே ஏலம் வுடறான்!"

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. யாரோ அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். இரண்டு அறை விழுந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடிவந்தார். பின்னாலேயே வக்கீல் வந்தார். டிக்கெட்டை அவர் கையிலிருந்து பறித்துக் கண்ணருகே கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடியை உள்ளே நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். என்னிடம் நீட்டினார்.

"நம்பரைப் படி."

உள்ளே அந்த அம்மாளின் குரல் மேலே போய் நின்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கிக் குழாய்களை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தோம், காசு கொடுக்காதவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று. ஆனாலும் கேட்டது. நம்பர் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. படித்தால் இரண்டு நிமிஷத்தில் என் பெயர் வரும். முன்வரிசையில் ஆய்வாளர் இருக்கிறார்.

"சார், இது நம்ம டிக்கெட்டே இல்லை" என்றேன். "முத்திரை வேற மாதிரி இருக்கு. கள்ள டிக்கெட்." சொல்லிக்கொண்டே அதை நான்காகக் கிழித்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கடற்கரைக்காரருக்கு அடி வலித்ததைவிட இதுதான் அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். போலீஸ்காரர் பிடியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கதான வித்துக்கோன்னு சொன்னீங்க?"

வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"இவரை நான் முன்னே பின்னே பார்த்ததே இல்லை சார்."

போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தக் கடற்கரைக்காரர் கொட்டகைப் பக்கம் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்குத் திருப்தி. இத்தனை நேரம் என்னைத் திட்டியவர்கள், "நல்லாப் புடிச்சீங்க சார்" என்றார்கள். சைக்கிள் கடைக்காரனின் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் மிச்சத்தை நாலு ரூபாய்க்கு விற்றதாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

ஆய்வாளர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். தூக்கம் வருகிறது என்றார்.

ஏழு மணிக்குக் கச்சேரி முடிந்தது. கூட்டம் கரைந்தபின் அந்தப் பெண் வெளியே வந்தாள். முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அழுதிருக்கிறாள்; துக்கத்தில் அல்ல. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். உள்ளே பெஞ்சுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கம்பத்தை ஒட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன்.

"எங்க வூட்டுக்காரரு இங்கதான் நிக்கறேன்னாரு. பாத்தீங்களாய்யா?"

காவல் நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும்.

"தெரியாதும்மா" என்றேன். கிழித்த டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பியபோதும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. மறு வருடம் பரீட்சை மேற்பார்வைக்காக என்னைப் புதுப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பரீட்சை முடிந்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. மணலில் மீனைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒருவர் கூவிக்கொண்டிருந்தார். சுற்றி வியாபாரிகள்.

"எட்டணா! எட்டணா! எட்டணா கேக்கறது யாரு?"

அதே தாளம். அந்தக் கரையில் கையில் இருப்பதை விற்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். குறைவாகத் தொடங்கி, எல்லோர் காதிலும் விழும்படி நடுவில் நின்று கூவுவது. மறைத்து விற்பது அவர்களுக்குத் தெரியாது. கூவிக்கொண்டிருந்தவர் அவரேதான்.

அவர் என்னைப் பார்த்தார். "ஒண்ணே கா..." என்று குரல் பாதியில் நின்றது. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு அடுத்த விலையைக் கூவினார். நான் திரும்பி நடந்தேன். நாலடி போவதற்குள் பின்னாலிருந்து பெண் குரல்.

"அன்னிக்கி கேட்டாண்ட தண்ணி குடுத்த வாத்தியாருதான நீங்க?"

ஆமாம் என்றேன்.

"இன்னா பாட்டுங்க அது! செத்தாலும் மறக்காது." சொல்லிவிட்டு அவர் பக்கம் பார்த்துக் குரலைக் குறைத்தாள். "அன்னிக்கி இவரப் போலீசு புடிச்சிகினு போயிட்டாங்க. காலையிலதான் வுட்டாங்க. நான் பஸ் ஸ்டாண்டுலயே கெடந்தேன். இன்னா நடந்துச்சின்னு இன்னி வரிக்கும் வாயத் தொறக்கல. இப்பல்லாம் ரேடியோல அந்தம்மா கொரலு வந்தா எழுந்து போயிடறாரு. அவரு போனா நான் மட்டும் எப்பிடி உக்காந்து கேக்கறது? நானும் எழுந்து பூடுவேன்."

அது உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவள் குரல் கொடுத்துவிட்டாள். "இந்தா, வாத்தியாருக்கு ஒரு வஞ்சிரம் குடு! நமக்குத் தண்ணி குடுத்தவரு."

அவர் குனிந்து ஒரு மீனை எடுத்தார். பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. ஓலையில் சுற்றி, என் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் கொடுத்தார். "குடு. எட்டணா மீனுதான்."

கோயில் காரியம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டு வாசல்படியைத் தாண்டி மீன் வந்ததில்லை. அதைச் சொல்லி மறுத்திருக்கலாம், அவள் சிரித்திருப்பாள். அவர் நிற்கும்போது எதையும் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் அதை இருக்கைக்கு அடியில் வைத்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஓலை நனைந்து என் செருப்பைத் தொட்டது. செங்கல்பட்டில் அதைத் தொடாமல் இறங்கினேன். கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார்! உங்க மீனு!"

பஸ் ஸ்டாண்டில் என் மாணவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"என்னுது இல்லை" என்றேன்.