மலிவு விலையில் ஒரு ட்ரில்

எங்கள் குளியலறைக் கதவின் மேல் கீல் கழன்று மூன்று வாரம் ஆகியிருந்தது. கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். என் கணவர் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் இருக்கிறார். போனால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆசாரி தினமும் போனில் “நாளைக்கு உறுதியா வாறேன்” என்றார். என் அண்ணன் எலக்ட்ரீசியன். பதினைந்து வருடம் கல்ஃபில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது புது வீடுகளுக்கு வயரிங் காண்ட்ராக்ட் எடுக்கிறான். எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான். “ரெண்டு ஸ்க்ரூவுக்கா என்னைக் கூப்பிடுற? ஞாயிறு பூசை முடிஞ்சு வாறேன், மக்கா” என்றான். மூன்று ஞாயிறு போய்விட்டது.

நான்காவது வாரம் நானே போனில் ஒரு ட்ரில்லுக்கு ஆர்டர் போட்டேன். வயர் கிடையாது, பேட்டரியில் ஓடுவது. இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்று. பெட்டிக்குள் இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், துளைபோடும் பிட்டுகள் ஒரு வரிசை, ஸ்க்ரூ முடுக்கும் முனைகள் ஒரு வரிசை. நான் பக்கத்து ஊரான கருங்கலில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பெரிய கம்பெனி மாத்திரைக்குப் பதில் அதே மருந்தை விலை குறைவாகக் கொடுத்து, அதே குணம் கிடைப்பதை தினமும் பார்க்கிறவள். மெஷினும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

கீல் வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழைய துளைகள் மரத்தில் உளுத்துப் போயிருந்தன. கீலை இரண்டு விரல் கீழே இறக்கி, புதுத் துளை போட்டு, நீள ஸ்க்ரூவாகப் பார்த்து முடுக்கினேன். கதவு ஒரு விரலால் தள்ளியதும் சாத்திக்கொண்டது. நான் அதைத் திறந்து சாத்தி, திறந்து சாத்தி நாலைந்து தடவை பார்த்தேன்.

அண்ணன் அந்த ஞாயிறு வரத்தான் செய்தான். மேசைமேல் பெட்டியைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

“ஏட்டி, இது எதுக்கு வாங்கின? இது பிள்ளையளுக்கு விளையாடக் குடுக்குற சாமானம்.”

“கதவைப் போய் பாத்துட்டு வந்து பேசு.”

அவன் கதவைப் பார்க்கவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். அதன்மேல் நாற்பத்தெட்டு வோல்ட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்தான். உள்ளே டார்ச் லைட் செல் போல ஐந்து செல்.

“இதுல நாப்பத்தெட்டு எங்க இருக்கு? இருபது வோல்ட் வந்தாலே பெரிய காரியம். நல்லா ஏமாத்தியிருக்கான்.”

“நாப்பத்தெட்டு எனக்கு வேண்டாம். கதவு நிக்குதா இல்லியா, அதைச் சொல்லு.”

எழுந்து போய்ப் பார்த்தான். திரும்பி வந்து, “கொள்ளாம், நல்லாத்தான் நிக்குது” என்று மட்டும் சொன்னான். ஆனால் போகும்போது வாசலில் நின்று, “கான்கிரீட்ல வச்சுப் பாரு, அப்ப தெரியும்” என்றான்.

அவன் சொன்னது சரிதான். அடுத்த வாரம் ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டப் போனேன். ஜன்னலுக்கு நேர் மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரம், லிண்டல். பிட்டை வைத்து அழுத்தினால் மாவு மாதிரிக் கொஞ்சம் பொடி உதிர்ந்தது, அதற்குமேல் போகவில்லை. மெஷின் சூடாகிக் கருகிய வாசனை வந்தது. நான் நிறுத்திவிட்டு யோசித்தேன். லிண்டல் ஜன்னலுக்கு இருபுறமும் ஒரு சாண்தான் நீளும், அதற்கப்பால் வெறும் செங்கல். நீளமான கம்பியாக வாங்கி, தாங்கிகளைச் செங்கலில் மாட்டினேன். திரையை முழுக்க ஒதுக்க இடம் கிடைத்ததில் அறைக்கு வெளிச்சமும் கூடியது. அந்த மெஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இப்படி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். மரம், செங்கல், தகரம், மெல்லிய இரும்புக் குழாய் எல்லாம் அதற்குப் பிரச்சினை இல்லை. கான்கிரீட் பக்கம் போகக் கூடாது. தொடர்ந்து கால் மணி நேரம் ஓட்டினால் ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

அந்த மழைக்காலத்தில் ஒரு காற்று அடித்தது. படகுகளெல்லாம் வடக்கே ஒரு துறைமுகத்தில் பத்திரமாகக் கட்டியிருக்கின்றன என்று முந்தின நாளே கணவர் போன் பண்ணிவிட்டார். அதனால் கடலைப் பற்றிய பயம் அன்று இல்லை. காலையிலேயே கரண்ட் போயிற்று. பஸ் ஓடவில்லை, நான் கடைக்குப் போகவில்லை. பத்து மணி இருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம். டமார், டமார் என்று அது நிற்கவேயில்லை.

பக்கத்து வீட்டு மாமி மீன் விற்கிறவள். மகன்கள் இரண்டு பேரும் அதே படகுகளில் போயிருந்தார்கள், வீட்டில் அவள் மட்டும். போய்ப் பார்த்தேன். மாமி கட்டில்மேல் ஏறி நின்று, தலைக்குமேல் இரண்டு கையாலும் ஒரு நைலான் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள். கூரைத் தகரத்தின் ஓரத்துத் துளையில் கயிற்றைக் கோத்துவிட்டு, காற்று தூக்கும்போதெல்லாம் தன் கனத்தால் அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

“எப்பத்துல இருந்து மாமி இப்படி நிக்குறியோ?”

“விடிஞ்சதுல இருந்து மக்கா. விட்டா பறந்து போய் எவன் கழுத்தையாவது அறுத்திரும்.”

நான் கயிற்றை வாங்கி ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினேன். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். வெளியே வந்து பார்த்தால் கூரையின் கடல் பக்கத்து ஓரத்தில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் தலை தெறித்துப் போயிருந்தன. கீழே இரும்புக் குழாய் நன்றாகத்தான் இருந்தது. புது ஸ்க்ரூ இறக்கினால் போதும்.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். ஓடி வந்தான். கையில் அவனுடைய பெரிய ட்ரில். கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது, கான்கிரீட்டை வெண்ணெய் மாதிரித் துளைக்கும். வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது, செருகக் கரண்ட் இல்லை என்று. கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் உடனே திரும்பினேன். வீட்டுக்குப் போய் என் பெட்டியை எடுத்து வந்தேன். அவனுடைய வேலைப் பையில் ரப்பர் வாஷர் வைத்த தகர ஸ்க்ரூ நிறைய இருந்தது. தனியாகத் துளை போட வேண்டாம், தானே துளைத்துக்கொண்டு இறங்கும் வகை.

“ஏணியைப் பிடி, நான் ஏறுறேன்” என்றான்.

“நீ தொண்ணூறு கிலோ. இந்த மூங்கில் ஏணி தாங்காது. நீ பிடி.”

“ஏட்டி, காத்து அடிக்குது, விளையாடாத.”

“காத்து நிக்கும்போது மட்டும்தான் ஏறுவேன்.”

நான் நைட்டிக்குமேல் கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். காற்று தணியக் காத்திருந்தோம். காற்று ஒரே மூச்சாக அடிப்பதில்லை. ஒரு வீச்சு வந்து தணிந்தால் அடுத்ததற்கு இரண்டு மூன்று நிமிடம் இருந்தது. அந்த இடைவெளியில் ஏறினேன். கூரைமேல் கால் வைக்கவில்லை, ஏணியில் நின்றபடி ஓரத்தை மட்டும் முடுக்கினேன். முதல் ஸ்க்ரூ குழாயில் வழுக்கி ஓடியது. அண்ணன் கீழிருந்து, “பைய விடு, உடம்பு பாரத்தைக் குடு, பொறவு ஸ்பீடைக் கூட்டு” என்றான். அப்படியே செய்தேன். கிறீச்சென்று கடித்து உள்ளே இறங்கியது. இரண்டு ஸ்க்ரூ, இறங்கு, ஏணியை நகர்த்து, அடுத்த இரண்டு. பாதியில் முதல் பேட்டரி செத்தது. இரண்டாவதைப் போட்டேன். கடைசி மூன்று ஸ்க்ரூ வரும்போது அதுவும் முனகத் தொடங்கியது. அந்த மூன்றும் குழாயைத் துளைத்துப் பாதி இறங்கி நின்றன, மீதியை அண்ணன் கொடுத்த ஸ்பேனரை வைத்துக் கையாலேயே முடுக்கினேன்.

அடுத்த வீச்சு வந்தது. மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்று கூரையைப் பார்த்தோம். தகரம் அதிர்ந்தது, தூக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தது இன்னும் பெரிய வீச்சு. அதற்கும் தூக்கவில்லை. மாமி புண்பட்ட கையால் என் முகத்தைத் தடவி நெற்றியில் சிலுவை போட்டாள். வீட்டுக்கு அழைத்துப் போய் அவள் கையைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். அண்ணன் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று அடுக்களையில் தேடிக்கொண்டிருந்தான்.

இது இத்தோடு முடிந்திருந்தால், மலிவு சாமான் எல்லாமே நல்ல சாமான் என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தச் செய்தி எங்கள் தெருவில் பரவி, ஆளாளுக்குக் கூப்பிட்டு, அலமாரிக் கதவு, கொசுவலைச் சட்டம், ஜெபமாலை மாதா படத்துக்கு ஸ்க்ரூ என்று வரிசையாகச் செய்துகொடுத்ததில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. அதே விலைக்கு, அதே மாதிரிப் பேட்டரியில் ஓடும் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். இரும்பு அறுப்பது.

பின்பக்கத்தில் ஒரு பழைய துருப்பிடித்த கேட் கிடந்தது. அதை அறுக்க உட்கார்ந்தேன். முதல் கம்பி அறுந்தது. இரண்டாவதில், சுழன்று அறுக்கும் வட்டத் தகடு பாதியில் மாட்டிக்கொண்டு மெஷின் கையிலிருந்து உதறியது. சுவிட்சை விட்டேன். நிற்கவில்லை. சுவிட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டுவிட்டது. பிடி நழுவி மெஷின் சிமென்ட் தரையில் விழுந்து, தேள் கொட்டினவன் மாதிரிச் சுழன்று சுழன்று ஓடியது. நான் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்றேன். அது சுவரில் மோதித் தகடு உடைந்தது. உடைந்த துண்டு ஒன்று பிளாஸ்டிக் வாளியின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்து விழுந்தது. வாளி கிடந்தது ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில். தகடு போன பிறகும் மோட்டார் பேட்டரி தீரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. அதுவரை நான் கல்லைவிட்டு இறங்கவில்லை.

அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கி இரண்டு ஓட்டைகளையும் பார்த்தான்.

“ட்ரில் நின்னுபோனா வேலைதான் நிக்கும். இது நிக்கலேன்னா?” என்றான்.

அன்றே சுவிட்சைப் பிய்த்து, வயரை வெட்டி, யாரும் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கித்தான் பழைய இரும்பு எடுக்க வரும் ஆக்கர் கடைக்காரனின் சாக்கில் போட்டேன். மாத்திரையில் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், அட்டைதான் வேறு. மெஷினில் சுவிட்சிலும் மூடியிலும் பேரிங்கிலும் காசைக் குறைத்துத்தான் விலையைக் குறைக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும் மெஷினில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேகமாகச் சுற்றி அறுக்கும் மெஷினில் பொறுத்துக்கொள்ளவே முடியாது. மருந்துக்கடையில் யாராவது, “எக்கா, ட்ரில் வாங்கலாமா?” என்று கேட்டால், இதை இன்றைக்கு யோசிக்காமலே சொல்லிவிடுவேன். வீட்டு வேலைக்கு மலிவு ட்ரில் தாராளமாக வாங்கு. அறுக்கும் எதையும் மலிவில் வாங்காதே.

கணவர் கரைக்கு வந்தபோது ட்ரில்லைக் கையில் எடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்தார். படகில் பலகையும் பெட்டி மூடியும் அடிக்கடி ஆட்டம் காணும், கையாலேயே முடுக்கி முடுக்கி மணிக்கட்டு வலிக்கிறது என்றார்.

“இதை நான் கொண்டு போறேன், நீ வேற வாங்கிக்க.”

“இது படகுக்கு ஆவாது. உப்புக்காத்துல ஒரு மாசம் தாங்காது. நடுக்கடல்ல பேட்டரி செத்தா யாருகிட்ட போய்க் கேப்பீங்க?”

“அப்ப எனக்கு?”

“உங்களுக்கு நல்லது வாங்கலாம், வாங்க.”

மார்த்தாண்டத்தில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் கணவரைப் பார்த்தே விளக்கிக்கொண்டிருந்தார். கணவர் கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு, “அவகிட்ட சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். நான் மூன்று மெஷினை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பிட்டைப் பிடிக்கும் வாய் ஆடுகிறதா என்று பார்த்தேன். பேட்டரி தனியாகக் கிடைக்குமா, ரிப்பேர் இங்கேயே பண்ணுவார்களா என்று கேட்டேன். கடைசியில், என்னுடையதைப் போல நாலு மடங்கு விலையுள்ள ஒன்றை எடுத்தோம். விலையைக் கேட்டதும் கணவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது பெட்டியை மடியில் வைத்து, கருங்கல் வரும்வரை திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்.