ஒரே படகில் போட்ட பணம்

காசிமேட்டில் மீன் விற்று, மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம் முழுவதையும் கல்மண்டபத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டேன். வங்கியைவிட இரண்டு மடங்கு வட்டி தந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அந்தக் கம்பெனியின் ஷட்டர் திறக்கவே இல்லை.

வாசலில் உட்கார்ந்துவிட்ட என்னைக் கூட்டிப்போகப் பெரிய மகன் வந்தான். அவன் திட்டவில்லை.

“என்னையும் தம்பியையும் ஒரே போட்ல அனுப்ப மாட்டியேம்மா. காத்தடிச்சா ஒருத்தனாச்சும் வூடு வந்து சேரணும்னு சொல்வியே. துட்ட மட்டும் இன்னாத்துக்கு மொத்தமா ஒரே எடத்துல போட்ட?”

கடலுக்குப் பயப்படத் தெரிந்த எனக்கு, பணம் கட்டிய அந்த ஏசி அறையில் பயமே வரவில்லை.

இப்போது யாராவது அதிக வட்டி என்றால், ஏன் என்று கேட்கிறேன். அன்று அதைக் கேட்காததால் என் மகள் கல்யாணத்துக்கு ஆறு வருஷம் காத்திருந்தாள்.