கொலைகாரனைக் காட்டிக்குடுத்த நாலு வரி

என்ர வீட்டுக்காரர் கிளறன்ஸைக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில தெரியாத ஆள் இல்லை. கப்பல் கொம்பனியில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர். இப்ப ஒரு வாரப் பத்திரிகைக்குப் புத்தக விமர்சனம் எழுதிறார். வீட்டில ஒரு பல்ப் மாத்தத் தெரியாது. ஆனா ஊரான் எழுதின கதையில எந்த இடம் இழுபடுது எண்டு சொல்லிப்போடுவார்.

பிடிச்ச வரியை அப்பிடியே எடுத்துப் போடுறது இவற்ற பழக்கம். "அது களவில்லையோ?" எண்டு கேட்டன்.

"விமர்சனத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம், டோரின். ஆர் எழுதினது, எந்தப் புத்தகம் எண்டு சொன்னாச் சரி. சட்டமே விடுது." புதுப் பதிப்புரிமைச் சட்டம் வந்த வருசம் அது. அதின்ட பிரதி ஒண்டு பைபிளுக்குப் பக்கத்தில கிடந்தது.

அந்த நேரம்தான் நாகேந்திரம் அண்ணை ஒரு கொலைக்கதை எழுதினார். இவரோட ஒரே கந்தோரில வேலை செய்தவர். சனிக்கிழமையில வெள்ளவத்தையில இருந்து வடையோட வந்து, இவரோட வாதாடிப்போட்டுப் போவார். அவற்ற முதல் புத்தகம் அது. "உம்மட விமர்சனத்தைப் பாத்துத்தான் சனம் வாங்கும்" எண்டு கையில குடுத்தார்.

இவர் புகழ்ந்து தள்ளினார், எனக்கே பொறாமை. முடிவில தனக்கு ஆகப் பிடிச்ச நாலு வரியை எடுத்துப் போட்டார். அந்த நாலு வரியிலதான் கொலைகாரன் குற்றத்தை ஒப்புக்கொள்ளுறான்.

பிறகென்ன, கடையில சனம் புத்தகத்தைத் தூக்கிப் பாத்து, "ஓ, அந்த டாக்குத்தர் செய்த கொலையெல்லோ" எண்டு திருப்பி வைச்சுப்போட்டுப் போச்சுது. சனிக்கிழமை நாகேந்திரம் அண்ணை வரேல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. போன் அடிச்சா அவற்ற மனுசி, "குளிக்கிறார்" எண்டா. ஒரு மனுசன் எந்த நேரமும் குளிப்பாரே?

"நாலு வரிதானே" எண்டு இவர் புறுபுறுத்துக்கொண்டு திரிஞ்சார். சோறும் இறங்கேல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அந்தச் சட்டத்தை எடுத்து மிச்சத்தையும் வாசியுங்கோ" எண்டன்.

வாசிச்சார். எடுத்தது எவ்வளவு எண்டு மட்டும் பாத்தாப் போதாதாம். அந்தத் துண்டு புத்தகத்துக்கு எவ்வளவு முக்கியம், அதால விற்பனை கெடுமோ எண்டும் பாக்க வேணுமாம். அதில இவற்ற குரல் இறங்கிப் போச்சுது. "உயிரையே எடுத்துப்போட்டன், டோரின்" எண்டார். எனக்குப் பாவமாப் போச்சுது.

அண்டைக்கே பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனம். நாகேந்திரம் அண்ணை குளிக்கேல்லை, கதிரையில பேப்பர் பாத்துக்கொண்டிருந்தார். "பிழை என்னிலதான்" எண்டார் இவர். அவர் பேப்பரை மடிச்சு வைச்சார்.

"கதையை மாத்தி இன்னொருக்கா அச்சடிக்கப்போறன். உம்மட பேரை அதில போடலாமோ?"

"தாராளமாப் போடும்" எண்டார் இவர், எதுக்கெண்டு கேக்காமலே.

புதுப் புத்தகம் வந்திது, சனிக்கிழமை வடையும் வந்திது. இந்த முறை விமர்சனத்தில இவர் எடுத்துப் போட்டது முதல் வரி மட்டும்தான்: "கொட்டாஞ்சேனை விமர்சகர் கிளறன்ஸ் தன் மேசையிலேயே செத்துக் கிடந்தார்."

இப்ப சந்தைக்குப் போனாச் சனம் என்னைப் பிடிச்சு, கொலைகாரன் ஆரெண்டு கேக்குது. என்ர பேரும் கதையில கிடக்கு, அவ்வளவுதான் சொல்லுவன். மிச்சத்தை வாங்கிப் படியுங்கோ.